உக்கடத்துல கிலோ கணக்குல வாங்குன வைஸ்

வீட்டு கார் ஷெட்டை பட்டறையா மாத்திட்டு இருக்கேன், கார் இப்ப ரோட்டுல நிக்குது, அதுக்கு அம்மாகிட்ட தினமும் வாங்கிக் கட்டிக்கறேன். 16 ஆம்ப் பிளக்கு, தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறுனா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்), 40க்கு 40 எம்எம் டியூப்ல டேபிள், மேல 18 எம்எம் பிளைவுட்னு எல்லாம் ஆயிடுச்சு, வைஸ்லதான், அதான் வேலை செய்யற பொருளை ரெண்டு தாடைக்கு நடுவுல இறுக்கிப் புடிக்கற சாதனம், அதுலதான் மாட்டிக்கிட்டேன். ஆன்லைன்ல 4 இன்ச் புதுசு ஒண்ணு வாங்குனேங்க, ரெண்டாவது வாரமே ஒரு இரும்புப் பட்டையை வளைக்க சுத்தியல்ல நாலு தட்டுதான் தட்டுனேன், தாடை விண்டுருச்சு, உடைஞ்ச இடம் வெல்லக்கட்டி மாதிரி பொடிப்பொடியா இருக்கு.

அப்புறம்தான் கோயமுத்தூர் உக்கடம் பழைய இரும்பு மார்க்கெட் போனேன். ஒரு பாய் கடைல மூலைல 6 இன்ச் வைஸ், துரு ஏறி கெடந்துச்சு. பிடியைச் சுத்திப் பாத்தேன், கால் சுத்து சும்மா போயி அப்புறம்தான் தாடை நகருது. "ஏனுங்க பாய் ஆட்டம் இருக்குதே"ன்னேன். "கால் சுத்து எல்லாத்துலயும் இருக்கும் தம்பி, முழு சுத்து சும்மா போனாத்தான் நட்டு போச்சுன்னு அர்த்தம்"னாரு. அவரே பில் புக்குல ஒரு தாளைக் கிழிச்சு தாடையோட ரெண்டு ஓரத்துலயும் வச்சு இறுக்கி இழுக்கச் சொன்னாரு, ரெண்டு பக்கமும் வரல, தாடை நேரா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. கிலோ 150, தராசுல 17 கிலோ, பேசி 2,400க்கு முடிச்சேன்.

மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற வச்சு கம்பி பிரஷ் போட்டதும் துரு போயிடுச்சு. தாடை பிளேட்டுல பல்லு மழுங்கியிருந்துச்சு, கணபதி ஏரியால ஒரு லேத் பட்டறைல புதுசா அடிச்சு வாங்கி மாட்டியாச்சு. வைஸை டேபிள் காலுக்கு நேர் மேல வச்சு போல்ட் போடுங்க, நிலையா நிக்கற தாடை டேபிள் விளிம்பைத் தாண்டி கொஞ்சம் வெளிய வரணும், அப்பத்தான் நீளமான பைப்பை நட்டுக்குத்தலா புடிக்க முடியும். வைஸோட உயரம் முழங்கை மட்டம் இருக்கணும், எனக்கு ரெண்டு இன்ச் ஏறிப்போச்சு, ஹேக்ஸா போட்டா தோள்பட்டை வலிக்குது.

கடைல குறைன்னா, பில் புக்கு தாள் கிழிக்கறதுக்கு மட்டும்தான், பில் தரமாட்டாங்க. வைஸுக்குப் பின்னாடி, சுத்தியல்ல தட்டறதுக்குன்னு இருக்கற பட்டறைக்கல் ஓரம் சில்லு போயிருந்ததை துரு மறைச்சிருச்சு, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், கேட்டா "கிலோ கணக்குல வாங்குனதுக்கு கேரண்டியா தம்பி"ங்கறாரு. வண்டி நிறுத்த இடமும் கிடையாது, 17 கிலோவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தோள்ல சுமந்துட்டு வந்தேன்.