ஜார்ஜ் ஃபோர்மன் கிரில்லும் அதில் பெயர் பொறித்த மனிதரும்

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்காக வந்த ஆண்டில், படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய சீனியர் ஒருவர் பிரஷர் குக்கரையும் தோசைக்கல்லையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனபோது, அவற்றோடு சேர்ந்து வந்ததுதான் இந்தச் சிறிய வெள்ளை கிரில். மூடியின் மேல் கையெழுத்துப் போல எழுதியிருந்த ஜார்ஜ் ஃபோர்மன் என்ற பெயர் இரண்டு முறை உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரருடையது என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தேன். அன்றிலிருந்து கருவியைப் பயன்படுத்தியும் வருகிறேன். அந்த மனிதரின் பழைய சண்டைப் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தும் வருகிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மதிப்பிட முடியாது என்பது என் கருத்து.

முதலில் கருவி. புத்தகம் போல மூடித் திறக்கும் இரண்டு வரித்தட்டுகள்; இரண்டும் ஒரே நேரத்தில் சூடாவதால் இறைச்சியைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. மேல்தட்டின் கீல் உயர்ந்து தாழக்கூடியது என்பதால் துண்டு தடிமனாக இருந்தாலும் தட்டு அதன்மேல் சீராகப் படிகிறது. மைக்கேல் போம் என்பவர் உருவாக்கிய இந்த வடிவமைப்பின் உயிர்நாடி, கீழ்த்தட்டு முன்பக்கமாகச் சரிந்திருப்பதுதான். தயிர், மிளகு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது தடவி ஊறவைத்த எலும்பில்லாத கோழித் தொடையை, நன்றாகச் சூடேறிய தட்டில் வைத்து மூடினால், இரண்டு நிமிடங்களில் கொழுப்பு உருகி வரிகளின் இடையே வழிந்து, முன்னால் வைத்த சிறு தட்டில் சொட்டத் தொடங்கும். வெந்து முடிகையில் அந்தத் தட்டில் இரண்டு மூன்று கரண்டி மஞ்சள் நிறக் கொழுப்பு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். கொழுப்போடு சேர்ந்து சாறும் ஓரளவு வடிந்துவிடும் என்பதால், கொழுப்பில்லாத நெஞ்சுக்கறியை இதில் நெடுநேரம் வைத்தால் வறண்டுபோகும். தொடைக்கறியும் மீன் துண்டும்தான் இதற்கு ஏற்றவை. பழைய மாதிரிகளில் நிறுத்தும் பொத்தானோ வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோ கிடையாது. தட்டுகளையும் கழற்ற முடியாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்தாளை வைத்துத் துடைத்துவிட்டால் துப்புரவு எளிது.

சால்டன் நிறுவனம் 1994-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவி 10 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. 1999-இல் ஃபோர்மனின் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்காக அந்த நிறுவனம் 13.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டையில் ஈட்டியதைவிட இதில் அவர் ஈட்டியது அதிகம். இதை வைத்துக்கொண்டு, ஒரு பெரும் வீரர் கடைசியில் அடுப்பு வியாபாரியாகிவிட்டார் என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள் எந்த மனிதரை நம்பி இதை வாங்கினார்கள் என்பதை அறிய, அவருடைய இரண்டு வாழ்க்கைகளையும் பார்க்க வேண்டும்.

முதல் வாழ்க்கையில் அவரைக் கண்டு எல்லோரும் அஞ்சினார்கள். ஹூஸ்டன் நகரின் ஃபிஃப்த் வார்டில் வறுமையில் வளர்ந்து, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அப்போதைய உலகச் சாம்பியன் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். பிறகு கென் நார்ட்டனையும் இரண்டு சுற்றுகளில் முடித்தார். ஆனால் அந்த வலிமைக்குள் ஓர் அவசரம் ஒளிந்திருந்தது. 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அவரை அடிக்கவிட்டபோது, அடித்து அடித்தே களைத்துப்போன ஃபோர்மன் எட்டாம் சுற்றில் விழுந்தார். 40 வெற்றிகளுக்குப் பிறகு அவர் கண்ட முதல் தோல்வி அது. முதல் பட்டக்காலத்தில் அவர் பட்டத்தைத் தக்கவைத்தது இரண்டே முறைதான். மற்ற ஹெவிவெயிட் சாம்பியன்களில் ஜோ லூயிஸ் 25 முறை, லாரி ஹோம்ஸ் 20 முறை தக்கவைத்தார்கள். பட்டத்தைக் காத்த சாதனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஃபோர்மனுக்கு முதல் வரிசையில் இடம் தர முடியாது.

1977-இல் போர்ட்டோரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் தோற்ற இரவில், உடைமாற்றும் அறையில் தமக்கு இறை அனுபவம் கிட்டியதாகக் கூறிக் களத்தை விட்டே விலகினார். ஹூஸ்டனில் போதகரானார், சிறுவர்களுக்காக ஓர் இளைஞர் மையம் தொடங்கினார். அந்த மையத்துக்குப் பணம் தேவைப்பட்டதால்தான் பத்தாண்டுகள் கழித்து, 1987-இல், மொட்டைத்தலையும் பருத்த உடலுமாகத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. தம் உடல் எடையைத் தாமே வேடிக்கையாகப் பேசினார். சுற்றுகளுக்கு இடையே முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இளைப்பாறுவார். 1991-இல் 42 வயதில் அப்போதைய உலகச் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 12 சுற்றுகளும் நின்று தோற்றபோது, அந்தத் தோல்வியிலேயே அவருடைய மதிப்பு கூடியது.

ஃபோர்மனின் ஒரே ஒரு சண்டையைத்தான் பார்க்க முடியும் என்பவருக்கு, 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் அப்போதைய உலகச் சாம்பியன் மைக்கேல் மூரருடன் நடந்த சண்டையையே சொல்வேன். ஃபோர்மனுக்கு 45 வயது, மூரருக்கு 26. கின்ஷாசாவில் அணிந்திருந்த அதே சிவப்பு அரைக்கால்சட்டையை அணிந்து வந்தார். அன்று அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ இம்முறை ஃபோர்மனின் மூலையில் நின்றார். ஒன்பது சுற்றுகள் வரை மூரர் இஷ்டத்துக்கு அடித்தார். மூன்று நடுவர்களின் தாளிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். ஆனால் அவர் கைகளை வீணாக்கவில்லை. இடக்கைக் குத்துகளால் இளைஞரை மெல்ல மெல்லத் தமக்கு நேராக நிற்கப் பழக்கினார். பத்தாம் சுற்றில், ஓரடி தூரம்கூடப் பயணிக்காத ஒரு வலக்கைக் குத்து தாடையில் இறங்க, உதடு கிழிந்து மல்லாந்து விழுந்த மூரர் பத்து எண்ணுவதற்குள் எழவில்லை. ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டார். கின்ஷாசாவில் அலி பொறுமையால் அவரிடமிருந்து பறித்ததை, இருபது ஆண்டுகள் கழித்து அவர் அதே பொறுமையால் மீட்டார் என்பதே என் வாசிப்பு.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளை அவ்வளவு பாராட்ட முடியாது. 1995-இல் ஆக்சல் ஷூல்ட்ஸுக்கு எதிராகக் கிடைத்த புள்ளி வெற்றி நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. மறுபோட்டிக்கும் ஃபோர்மன் இணங்கவில்லை. கடைசிச் சண்டையில், 1997-இல் ஷானன் பிரிக்ஸிடம், தாம் வென்றதாகப் பலரும் கருதிய சண்டையில் தோற்றார். மொத்தம் 81 சண்டைகள், 76 வெற்றிகள், அவற்றில் 68 நாக் அவுட். 2025 மார்ச் 21 அன்று 76 வயதில் காலமானார்.

கருவியை வாங்க நினைப்பவர்கள், தட்டுகளைக் கழற்றிக் கழுவக்கூடிய புதிய மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் உள்ள வீட்டுக்குச் சிறியதே போதும். எங்களிடம் உள்ள பழையதைப் பொறுத்தவரை, மூடியிலிருந்த கையெழுத்தின் கடைசி மூன்று எழுத்துகள் தேய்ந்துவிட்டன. தட்டு இன்னும் அதே சீராகச் சூடேறுகிறது.