ஜேர்மன் தலைக்கவசங்களின் நூறாண்டு: ஏழு மாதிரிகள் கொண்ட ஒரு பெட்டி பற்றிய மதிப்பீடு

பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், பழைய நாணயங்களும் மாதிரிப் பொருட்களும் விற்கும் சிறிய கடையொன்று இருக்கிறது. ஜேர்மன் படையினர் முதலாம் உலகப் போர்க் காலம் தொட்டு 1990கள் வரை அணிந்த தலைக்கவசங்களை உண்மை அளவின் நான்கில் ஒரு பங்காக உலோகத்தில் வார்த்த ஏழு மாதிரிகள் அடங்கிய பெட்டியொன்று அங்கே 18,500 ரூபாவுக்குக் கிடைக்கிறது. பெட்டியின் மேல் சீனத் தயாரிப்பு என்பதைத் தவிர உற்பத்தியாளரின் பெயர் எதுவும் இல்லை. உயர்தர வகுப்பில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இத்தகைய பொருட்களில் இருக்கும் ஈடுபாடு அலங்காரத்தின் பொருட்டன்று. ஒரு நாட்டின் தொழில்நுட்பமும் பற்றாக்குறையும் அரசியலும் ஒரே பொருளில் எப்படிப் பதிவாகின்றன என்பதை மாணவரின் கையில் கொடுத்தே காட்ட முடியும் என்பதாலேயே இதனை வாங்கினேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெளித்தோற்றத்தில் இந்த மாதிரிகள் வியக்கத்தக்க கவனத்துடன் செய்யப்பட்டுள்ளன. உட்புறத்திலோ அந்தக் கவனம் அறவே இல்லை. ஜேர்மன் தலைக்கவசத்தின் வரலாற்றில் பெரும்பகுதி அதன் உட்பட்டையிலும் (தலையில் படும் உட்புற அமைப்பு) விளிம்பிலுமே நிகழ்ந்தது என்பதால், இது சிறிய குறையன்று.

பெட்டியின் முதல் மாதிரி கூர்முனை பொருத்திய தோல் தலைக்கவசம். 1842 இல் பிரஷ்யப் படையில் அறிமுகமான இவ்வகையின் கடைசி வடிவமான 1915 ஆம் ஆண்டு மாதிரியையே இங்கே தந்திருக்கிறார்கள். பித்தளைக்குப் பதிலாகச் சாம்பல் நிற உலோகப் பூண்களும், கழற்றக்கூடிய கூர்முனையும் சரியாக அமைந்துள்ளன. பதப்படுத்திய தோலால் ஆன அந்தக் கவசம் வாள்வீச்சை ஓரளவு தாங்கியிருக்கலாம். வானில் வெடித்துச் சிதறும் எறிகணைத் துண்டுகளின் முன்னால் அது வெறும் தொப்பிதான். பதுங்கு குழிக்கு மேலே துருத்தித் தெரிந்த முனையைக் கழற்றும்படி உத்தரவிட்டதே அந்த வடிவத்தின் காலம் முடிந்ததற்குச் சான்று.

இரண்டாவது மாதிரிக்காக மட்டுமே கூட இந்தப் பெட்டியை வாங்கலாம். 1915 இல் போர்முனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், மூளையைச் சிதைக்கும் காயங்களில் பல மிகச் சிறிய துண்டுகளால் ஏற்படுவதைக் கவனித்தார். அத்தகைய துண்டுகளை மெல்லிய உருக்குத் தகடே தடுத்துவிடும் என்ற எண்ணம் அவருக்கும் ஹனோவர் தொழில்நுட்ப உயர்கல்லூரியைச் சேர்ந்த பிரெடரிக் ஷ்வெர்டுக்கும் இடையே உருப்பெற்றது. ஷ்வெர்ட் வரைந்த வடிவமே 1916 ஆம் ஆண்டு மாதிரி. நெற்றிக்கு மேல் நீண்ட முன்விளிம்பு, காதுகளையும் பிடரியையும் மூடி இறங்கும் பின்பகுதி, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள நிக்கல் குரோமிய உருக்கு ஓடு என அதன் அமைப்பு இருந்தது. அக்காலத்துப் பிரித்தானியக் கவசம் தட்டையான தட்டு வடிவில் அமைந்திருந்ததால் அதை அழுத்தி வார்ப்பது எளிது. ஜேர்மன் ஓட்டின் ஆழத்தையும் வளைவையும் பெறுவதற்குத் தகட்டைச் சூடாக்கிப் பல படிகளில் அழுத்த வேண்டியிருந்தது. அந்தக் கூடுதல் உழைப்பின் பயன் காதுக்கும் கழுத்துக்கும் கிடைத்த பாதுகாப்பு. 1916 இன் தொடக்கத்தில் பிரான்சின் வெர்டன் போர்முனையில் இவை தலைகளில் ஏறத் தொடங்கின.

மாதிரியைச் செய்தவர் இங்கே காட்டியிருக்கும் நுணுக்கம் பாராட்டுக்குரியது. நெற்றிப் பொட்டுகளுக்கு மேலே இருபுறமும் கொம்பு போல் நீண்டிருக்கும் குமிழ்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அவை துளையுள்ள குமிழ்களாகவே செய்யப்பட்டிருப்பதோடு, அடிப்பகுதி தடித்தும் நுனி மெலிந்தும் ஒரு படிநிலை தெரிகிறது. உண்மையான கவசத்திலும் அப்படித்தான். அந்தக் குமிழ்கள் காற்றோட்டத்துக்கு மட்டுமன்றி, காவலரணில் நிற்பவரின் நெற்றிக்கு முன்னால் கனத்த உருக்குத் தகடொன்றை மாட்டவும் பயன்பட்டன. தகடு ஒரே அளவில் வந்தது. ஓடுகளோ பல அளவுகளில் இருந்தன. எனவே சிறிய ஓடுகளில் தகடு ஆடாமல் நிற்பதற்காகக் குமிழின் அடியில் அந்தப் படியை வைத்தார்கள். நான்கில் ஒரு பங்கு அளவில் இதைக் காட்ட வேண்டுமென்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது.

அதே கவசத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் மகிழ்ச்சி குன்றிவிடுகிறது. 1916 ஆம் ஆண்டு ஓட்டினுள் ஒரு தோல் வளையமும், அதில் தைத்த மூன்று மெத்தைகளும் இருக்க வேண்டும். மெத்தைகளுக்குப் பின்னால் இருந்த பைகளில் திணிப்பைக் கூட்டியும் குறைத்தும் அணிபவர் தன் தலைக்கு ஏற்றவாறு சரிசெய்துகொண்டார். 1917 இல் அந்தத் தோல் வளையம் உருக்கு வளையமாக மாறியது. இந்த மாதிரியிலோ, எட்டு விரல்கள் போன்ற தோல் நாக்குகள் நடுவில் ஒரு நூலால் இழுத்துக் கட்டப்பட்ட உட்பட்டை காணப்படுகிறது. அது 1931 இல்தான் வந்தது. பழைய ஓடுகளுக்குள் 1931 இன் உட்பட்டையைப் பொருத்திப் பின்னர் பயன்படுத்தியது உண்மை. ஆனால் பெட்டியிலுள்ள அட்டை இதனை 1916 இன் கவசம் என்றே சொல்கிறது. உண்மையில் நடந்தது என்னவென்றால், ஒரே பிளாஸ்ரிக் அச்சில் வார்த்த அந்த எட்டு நாக்குப் பட்டையையே ஏழு மாதிரிகளிலும், தோல் தலைக்கவசத்திலும் கூட, ஒட்டிவிட்டார்கள். தலைக்கும் உருக்குக்கும் இடையே உள்ள இடைவெளியை எப்படிக் காப்பது, அடியின் அதிர்வை எப்படிப் பரப்புவது என்பதே இத்துறையில் உழைத்தவர்களை நெடுங்காலம் வருத்திய கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளை இந்தப் பெட்டி முற்றாக அழித்துவிட்டது.

மூன்றாவது, காதுப் பகுதியில் வளைத்து வெட்டப்பட்ட 1918 ஆம் ஆண்டு வடிவம். ஓடு காதை மூடியதால் கட்டளைகள் தெளிவாகக் கேட்பதில்லை என்ற முறைப்பாட்டின் விளைவாக வந்த இது சிறிய தொகையிலேயே செய்யப்பட்டது. அதன் மேல் 1918 யூலையில் வந்த உத்தரவின்படியான உருமறைப்பு நிறங்களைத் தீட்டியிருக்கிறார்கள். பச்சை, மஞ்சட் பழுப்பு, துருச் செம்மை ஆகிய நிறத் துண்டுகளுக்கு இடையே விரல் அகலக் கறுப்புக் கோடு வர வேண்டும் என்பது விதி. அந்தக் கோட்டின் அகலம் கூட இங்கே அளவுக்கு ஏற்பக் குறைக்கப்பட்டுள்ளது. நாடிப்பட்டியில்தான் தவறு. 1918 இல் அது ஓட்டிலிருந்து உள்வளையத்துக்கு மாற்றப்பட்டது. மாதிரியில் ஓட்டிலேயே ஒட்டியிருக்கிறது.

அடுத்த இரண்டும் 1935, 1942 ஆகிய ஆண்டுகளின் வடிவங்கள். இவை இரண்டையும் மாணவர் கையில் கொடுத்தால் நான் நெடுநேரம் பேசத் தேவையில்லை. 1935 இல் முன்விளிம்பும் பிடரிப்பகுதியும் குறுகின. கொம்புக் குமிழ்கள் போய், தனியே செய்து பொருத்திய சிறு காற்றுத்துளைப் பூண்கள் வந்தன. ஓட்டின் விளிம்பு உட்புறமாக மடித்து உருட்டப்பட்டது. அமைதிக் காலத் தொழிற்சாலையில் நேரமெடுத்துச் செய்த பொருள் என்பது அந்த விளிம்பில் விரலை ஓட்டினாலே தெரியும். 1940 இல் காற்றுத்துளை தனிப் பூணாக இல்லாமல் ஓட்டிலேயே அழுத்தி எடுக்கப்பட்டது. 1942 இல் விளிம்பை மடிக்கும் வேலையையும் கைவிட்டார்கள். வெட்டிய தகட்டின் ஓரம் சற்று வெளிநோக்கி விரிந்தபடி அப்படியே விடப்பட்டது. மழமழப்பான பச்சைப் பூச்சுக்குப் பதிலாக ஒளியைத் தெறிக்காத சொரசொரப்பான சாம்பல் பூச்சு 1940 இலேயே வந்திருந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு வேலையைக் குறைத்தது, ஒரு மூலப்பொருளை மிச்சப்படுத்தியது. ஐரோப்பா முழுவதையும் விழுங்கப் புறப்பட்ட ஓர் அரசு உருக்குக்கும் ஆள்பலத்துக்கும் திண்டாடத் தொடங்கியதை இந்த விளிம்பைவிடச் சுருக்கமாகக் காட்டும் வேறொரு பொருளை நான் அறியேன். 1942 மாதிரியின் கூர்மையான வெட்டு விளிம்பும் சொரசொரப்பும் மிக நேர்த்தியாக உள்ளன. ஆனால் காற்றுத்துளையில் 1935 இன் தனிப் பூணையே வைத்துவிட்டார்கள். 1940 ஆம் ஆண்டு வடிவம் பெட்டியில் இல்லாததால் அந்த இடைப்படியை மாணவர் அறியவே வழியில்லை.

இங்கே மற்றொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். 1935 ஆம் ஆண்டுக் கவசத்தின் வலப்புறத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கேடயச் சின்னமும், இடப்புறத்தில் ஸ்வஸ்திகத்தைப் பற்றிய கழுகும் இருந்தன. கேடயத்தை 1940 இலும், எஞ்சியிருந்த சின்னத்தை 1943 இலும் நீக்கும்படி உத்தரவுகள் வந்தன. மாதிரியில் கேடயம் மட்டும் உள்ளது, கழுகு இல்லை. அதை விட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பெட்டியோடு வரும் சிறு கையேடு, அந்தக் கவசத்தை அணிந்த படை எந்த ஆட்சிக்காகப் போரிட்டது, அந்த ஆட்சி யூதர்களுக்கும் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் மக்களுக்கும் என்ன செய்தது என்பது பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல், உருக்கின் தரத்தையும் வடிவத்தின் அழகையும் மட்டும் புகழ்கிறது. போரின் வடுக்களைச் சுமக்கும் நாட்டில், தமிழ் வீடொன்றின் அலமாரியில் இவற்றை வைப்பவர் பிள்ளைகளுக்கு இதைத் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும். நான் வகுப்பில் இவற்றைக் காட்டும்போது கையேட்டைக் கொண்டு செல்வதில்லை.

ஆறாவது மாதிரி கிழக்கு ஜேர்மனியின் மக்கள் படை 1956 முதல் அணிந்தது. சரிந்திறங்கும் கூம்பு போன்ற இதன் ஓடு பலருக்குச் சோவியத் வடிவமாகத் தோன்றும்; உண்மையில் இது இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பேர்லினில் ஆய்வுக்காகச் செய்யப்பட்ட வடிவமொன்றின் வழிவந்தது. சரிவான பக்கங்கள் துண்டுகளைத் திசைதிருப்பி விடும் என்ற கணக்கு அதிலிருந்தது. பழைய நாட்சி ஆட்சியை நினைவூட்டும் தோற்றத்தைத் தவிர்க்க விரும்பிய புதிய அரசு, அதே பழைய ஆட்சிக் காலத்து ஆய்வுக் கூடத்தின் வடிவத்தைத் தேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இந்த மாதிரியின் பூச்சும் சரிவும் குறைசொல்ல முடியாதவை.

இதற்கு இணையான மேற்கு ஜேர்மன் கவசத்தைப் பெட்டியில் தேடினேன், இல்லை. 1955 இல் உருவான மேற்கு ஜேர்மன் படை அமெரிக்க எம் 1 வடிவத்தைத் தழுவி, பின்னர் ஒற்றை ஓடாக அதைச் செய்து, 1990கள் வரை அணிந்திருந்தது. ஒரே மக்கள் இரு நாடுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் பழைய உருவத்தைத் துறந்ததைக் காட்ட இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் கதை பாதியில் நின்றுவிடுகிறது. தோல் தலைக்கவசத்தை விட்டுவிட்டு இதைச் சேர்த்திருக்கலாம்.

ஏழாவது, 1992 இல் வந்த ஷூபெர்த் நிறுவனத்தின், அரமிட் எனும் வலிய செயற்கை இழையால் ஆன கவசம். உருக்கைத் துறந்து நெய்த இழை அடுக்குகளைப் பிசினில் இறுக்கிச் செய்த இதன் தோற்றம், 1980களில் அமெரிக்கப் படை ஏற்ற இழைக் கவசத்தை ஒத்தது. அந்த அமெரிக்கக் கவசமோ காதையும் பிடரியையும் மூடும் வகையில் ஷ்வெர்டின் வடிவத்துக்கே திரும்பியிருந்தது. உலோகத்தில் வார்த்ததால் மாதிரி கையில் கனக்கிறது, விளிம்பும் மெலிந்திருக்கிறது. இழைக் கவசத்தின் தடித்த ஓரம் இதில் இல்லை. இப்போதைய சிறப்புப் படைகள் அணியும், காதுக் கருவிக்காகப் பக்கங்கள் உயர்த்தி வெட்டப்பட்ட வகையையும் சேர்த்திருந்தால், 1918 இன் காது வெட்டுக்கும் இதற்கும் கேட்பதா காப்பதா என்ற அதே பழைய சிக்கலே காரணம் என்பதை ஒரே பார்வையில் காட்டியிருக்கலாம்.

இனி, கொழும்பில் வைத்திருப்பது பற்றி. வெள்ளவத்தையில் கடற்காற்று படும் வீட்டில், 1942 மாதிரியின் வெட்டு விளிம்பில் பூச்சு மெல்லியதாக இருந்த இடத்தில் செம்புள்ளிகள் தோன்றின. தோல் நாடிப்பட்டிகளில் மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்து, விளிம்புகளில் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவிய பிறகு இரண்டும் நின்றுவிட்டன. பொதி செய்த முறை நன்று. ஒவ்வொன்றும் நுரைப் படுக்கையில் தனித்தனியே இருப்பதால் பேருந்தில் கொண்டு வந்தபோதும் எதுவும் உரசவில்லை. கடைக்காரர் பொறுமையானவர், பெட்டியைத் திறந்து ஏழு மாதிரிகளையும் கவிழ்த்துப் பார்க்க அனுமதித்தார்.

அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக மட்டும் வாங்குவோருக்கு இந்த விலை நியாயமானது. கற்பிப்பதற்கோ ஆய்வதற்கோ வாங்குவோர் முழுப் பெட்டியை எடுக்க வேண்டியதில்லை. கேட்டால் கடைக்காரர் தனித்தனியாகவும் 3,000 ரூபா வீதம் தருகிறார். 1916, 1935, 1942 ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, 1916 இன் பிளாஸ்ரிக் உட்பட்டையைக் கத்தியால் மெல்ல நெம்பிக் கழற்றிவிட்டு, மெல்லிய தோலில் மூன்று மெத்தைகள் தைத்து ஒட்டிவிடலாம். பசை இலகுவாக விடுகிறது.