லப்பிரஸ்கோப்பி பழக: பெட்டியா, சிமுலேட்டரா?

"உங்கட வைத்தியசாலைப் பிள்ளைகள் பழக ஏதாவது வாங்கித் தாறம்" என்று வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கேட்டபோது, எங்கள் முன்னால் இரண்டு தெரிவுகள் இருந்தன. பழகவேண்டியது லப்பிரஸ்கோப்பி: வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கமராவையும் நீண்ட கருவிகளையும் உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் சத்திரசிகிச்சை. திரையில் பொய் உடம்பைக் காட்டும் வீ.ஆர். (மெய்நிகர்) சிமுலேட்டர் ஒன்று. துளை போட்டு உள்ளே கமரா வைத்த வெறும் பெட்டி மற்றது. நான் பெட்டிக்குத்தான் கை தூக்கினேன்.

விலை வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும், விடுவோம். சிமுலேட்டரில் நான் பழகியது ஒரு பயிற்சியில் இரண்டு நாள் மட்டும்தான். அதையும் மனதில் வைத்து வாசியுங்கள். நல்ல சாமான். பித்தப்பை நாடியில் கிளிப்பைப் பிழையாகப் போட்டால் ரத்தம் கொட்டும். கை எவ்வளவு வீணாக அலைந்தது என்று கணக்கும் தரும். 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், வீ.ஆரில் பழகியவர்கள் பித்தப்பையை 29 வீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அவர்களோடு ஒப்பிட்டது வழமையான பயிற்சி பெற்றவர்களை, பெட்டியில் பழகியவர்களை அல்ல.

எனக்கு முடிவைத் தந்தது பழுதுதான். சிமுலேட்டரின் கைப்பிடிக்குள் ஒரு சென்சர் பிழைத்தாலும் கொம்பனி ஆள் கொழும்பிலிருந்து ஏ9 பாதையில் ஏறி வரவேண்டும். ஓரிடத்தில் அப்படி ஒரு மெஷின் துணி போர்த்தி நின்றது. மேலே பைல் கட்டு. எங்கள் பெட்டியில் இதுவரை பழுதானது ஒரு வெப்காம். கிளிநொச்சி டவுனில் அன்று பின்னேரமே வேறொன்று வாங்கி ஒட்டினோம். கருவிகளும் அப்படித்தான். மின்காப்பு உறை உரிந்த கிராஸ்பரை (பிடிக்கும் கருவியை) சத்திரசிகிச்சைத் தியேட்டரில் தொடக்கூடாது, மின்சாரம் கசிந்து குடலைச் சுட்டுவிடும். பெட்டிக்குள் சுட என்ன இருக்கிறது? தியேட்டரில் கழித்ததெல்லாம் எங்களுக்கு வந்தது.

கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். அது பழகப் புளியங்கொட்டை போதும்: ஒரு சிரட்டையிலிருந்து மற்றச் சிரட்டைக்கு. லப்பிரஸ்கோப்பியின் அடிப்படைத் திறன்களைச் சோதிக்கும் அமெரிக்காவின் எஃப்.எல்.எஸ். பரீட்சையின் கைவேலையும் பெட்டியில்தான். அதில் ஆறு துண்டுகளை முளைக்கு முளை மாற்றித் திரும்பவும் கொண்டுவர, தேர்ச்சி இலக்கு 48 விநாடி. எங்கள் பிள்ளை ஒருவருக்கு முதல் நாள் நாலு நிமிஷம் பிடித்தது. இப்போது தோடம்பழத் தோலைச் சுளை நோகாமல் உரிக்கிறார். பெட்டிக்குள் கையுறைத் துண்டில் முடிச்சுப் போடும்போது நூலைக் கூட இழுத்தால் அது கிழிந்தே போகும். நான் பழகிய சிமுலேட்டரில் அந்த இழுவை கைக்குத் தெரியவில்லை.

பெட்டிக்கு ரத்தம் தெரியாது, பிழையும் சொல்லாது. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கோணல் பழக்கம் கையில் ஊறிவிடும். அதனால் புதன் பின்னேரம் நான் போய் இருப்பேன். நான் போகாத கிழமைகளில் நிலமெல்லாம் புளியங்கொட்டை.