மதுரைக்கு ரயிலிலேயே போகிறேன்

சென்னையில் வந்து இறங்கியதும் உறவினர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மதுரைக்கு எந்த ஃப்ளைட்?" வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் ரயிலில் போவது அவர்களுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். எனக்கோ விமானம் என்றாலே அலுப்பு. டொராண்டோவிலிருந்து ஒரு நாள் முழுக்க அதில்தானே அடைபட்டு வருகிறேன்!

விமானத்தில் மதுரைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அதற்கு 2 மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். பெரம்பூரிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். இறங்கியபின் பெட்டி வரும்வரை நின்று, டாக்சி பிடித்து ஊருக்குள் வர வேண்டும். அரை நாள் போய்விடுகிறது, அதுவும் துண்டு துண்டாக: ஒரு வரிசை, பெல்ட்டைக் கழற்று, இன்னொரு வரிசை. வைகை எக்ஸ்பிரஸில் ஏழரை மணி நேரம் ஆகும்தான். ஆனால் அத்தனையும் உட்கார்ந்து படிக்கவோ தூங்கவோ கிடைக்கிற நேரம்.

பெட்டி இன்னொரு தலைவலி. உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோதான். 23 கிலோ பெட்டிகளை இழுத்து வருகிறவன் என்ன செய்வான்? முன்பு ஒரு விமான நிறுவனத்தின் கவுன்ட்டர் எதிரே பெட்டியைத் தரையில் திறந்துவைத்து, அத்தைக்கு வாங்கிய பாதாமையும் சாக்லேட்டையும் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. ரயிலில் மூன்றடுக்கு ஏசியில் 40 கிலோ வரை கட்டணமில்லை. தராசோடு யாரும் வந்து நான் பார்த்ததுமில்லை.

டிக்கெட் எடுப்பதுதான் பாடு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பு 120 நாட்கள். பொங்கல், தீபாவளி என்றால் திறந்த சில நிமிடங்களிலேயே காலி. இணையத்தில் தட்கல் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். என்னைப் போல ஆதார் இல்லாதவர்கள் ஊரில் இருக்கும் தம்பியையோ மைத்துனரையோதான் பிடிக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020இல் நின்றது, இன்னும் திரும்பவில்லை. அம்மா இதை ஒவ்வொரு பயணத்திலும் நினைவூட்டுவார்.

அம்மாவோடு போனால் வந்தே பாரத். 2023 செப்டம்பரில் எழும்பூர்–திருநெல்வேலி வண்டி தொடங்கியபின் 6 மணி நேரத்துக்குள் மதுரை போய்விடலாம். சுத்தம், தானாகத் திறக்கும் கதவு, இருக்கைக்கே சாப்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல்தான் திறக்காது.

தனியாக என்றால் வைகை, இரண்டாம் வகுப்பு, ஜன்னலோரம். 1977இலிருந்து ஓடுகிற வண்டி. மதியம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் திரிசூலம் ஸ்டேஷனைத் தாண்டும்போது சாலைக்கு அந்தப்பக்கம் விமான நிலையம் தெரியும். அதைக் கடந்து போவதில் எனக்கு ஒரு சின்ன வன்மமான சந்தோஷம் உண்டு. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி. விழுப்புரம் தாண்டினால் வெயிலும் தூக்கமும்.

சாயங்காலம் கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறும். தூங்குகிறவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு நகர்வார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லாருக்கும் வேலை. ஒருமுறை எதிர் இருக்கைப் பெரியவர் மணலைப் பார்த்துவிட்டு, "மேட்டூர்ல இன்னும் திறக்கல" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். ஸ்ரீரங்கம் கடந்து காவிரியிலும் அதே சோதனை. அதற்குள் மணப்பாறை முறுக்குக்காரர் வந்துவிட்டார். ஒரு பாக்கெட்டை எடுத்துக் காதருகே மெதுவாக ஆட்டினார். உடைந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அப்படி ஒன்றை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். பெரியவர் என் பாக்கெட்டிலிருந்து உரிமையோடு இரண்டு எடுத்துக்கொண்டு, நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கனடாவில் ரசம் கிடைக்குமா என்று திண்டுக்கல் வரை விசாரித்தார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் முகமே எனக்கு நினைவில் நிற்பதில்லை.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கிளம்பும்போது பரவாயில்லை, திருச்சிக்குப் பிறகு போகாமலிருப்பது உத்தமம்.

வண்டி மதுரை வந்துசேர இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அதனால் என்ன? ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேலவெளி வீதி, எதிரே டவுன்ஹால் ரோடு, சுடச்சுட இட்லி. விமானத்தில் வந்திருந்தால் அந்நேரம் ஊருக்கு வெளியே டாக்சிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பேன்.