ஸ்பாட்பக்ஸும் செக்கர் ஃப்ரேம்வொர்க்கும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் பில்லிங் கோடு முழுக்க ஜாவா. ஒரு மெத்தட் விடையைத் தருவதோடு நிற்கிறதா, போகிற போக்கில் வேறெதையாவது மாற்றிவிட்டும் போகிறதா என்று ஓட்டிப் பார்க்காமலே சொல்ல ஸ்பாட்பக்ஸ், செக்கர் ஃப்ரேம்வொர்க் என்ற இரண்டு சோதனைக் கருவிகளை வைத்திருக்கிறோம்.

ஸ்பாட்பக்ஸ் மேல் எனக்குப் பெரிய குறையில்லை. 'மொத்தம்.ஆட்(வரி)' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். 'மொத்தம்' ஒரு பிக்டெசிமல், அதாவது பணக் கணக்குக்கான ஜாவாவின் துல்லியத் தசம எண். அது தன்னை மாற்றிக்கொள்ளாது. கூட்டிய விடையைப் புது ஆப்ஜெக்ட்டாகத்தான் தரும். அதை வாங்கி வைக்காவிட்டால் பில்லில் வரியே ஏறாது. கம்பைலர் கண்டுகொள்ளாது, ஸ்பாட்பக்ஸ் பிடித்துவிடும். சில நேரம் சும்மாவும் கத்தும்: எக்செப்ஷன் வருகிறதா என்று பார்க்க மட்டும் கூப்பிட்ட மெத்தட், சப்கிளாஸ் ஓவர்ரைடு செய்யட்டும் என்று காலியாக விட்ட மெத்தட். எச்சரிக்கைகளை விலக்கும் ஃபில்டரில் போட்டால் சரி.

செக்கர் வேலை வாங்கும். 'சைடுஎஃபெக்ட்ஃப்ரீ' என்பது, இந்த மெத்தட் வேறெதையும் மாற்றாது என்று கோடில் நாம் போடும் அனோட்டேஷன், அதாவது குறி. அதைப் போட்ட மெத்தட், அதே குறி உள்ள மெத்தட்களைத்தான் கூப்பிடலாம். ஒன்றில் போட்டால் அது கூப்பிடுகிற அத்தனைக்கும் போட வேண்டிவரும். இதில் பலர் கவனிக்காதது: சும்மா விட்டால் செக்கர் அந்தக் குறியை நம்பிவிடும், சரிபார்க்காது. சரிபார்க்கத் தனி ஆப்ஷனை இயக்க வேண்டும். இயக்கினால் கறார்தான். ஜாவாவின் ஸ்ட்ரிங்கே ஹாஷ்கோடை (தேடலுக்கு உதவும் சுருக்க எண்) முதல் தடவை கணக்கிட்டுத் தன் ஃபீல்டில் வைத்துக்கொள்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. நாம் அப்படி எழுதினால் செக்கர் ஏற்காது. காரணம் எழுதி அந்த எச்சரிக்கையை அடக்க வேண்டியதுதான்.

பலன் நல்-சோதனையில், அதாவது மதிப்பே இல்லாத (நல்) ஒன்றைப் பயன்படுத்திவிடாமல் பார்ப்பதில், தெரியும். முகவரி என்ற ஃபீல்டு நல் இல்லை என்று பார்த்தாயிற்று, நடுவில் லாக் எழுத ஒரு மெத்தடைக் கூப்பிட்டோம். அதுவே முகவரியை மாற்றியிருக்கலாமே என்று செக்கர் பார்த்ததை மறந்துவிடும். அந்த மெத்தடுக்குக் குறி இருந்தால் மறக்காது.

இரண்டுக்கும் எட்டாத இடமும் உண்டு. கீ-மதிப்பு ஜோடிகளை வரிசையோடு வைத்திருக்கும் லிங்க்டுஹாஷ்மேப்பை அணுகல் வரிசையில் (கடைசியாகத் தொட்டது கடைசியில்) உருவாக்கினால் வெறும் 'கெட்' கூட உள்வரிசையை மாற்றும். கீகளைச் சுற்றிவரும் லூப்பிலேயே அதைக் கூப்பிட்டால் கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் விழும். கோடில் அறிவித்திருப்பது வெறும் 'மேப்' என்ற பொது வகை என்றால் கருவிக்கு இது எங்கே தெரியப்போகிறது?

இப்போது செக்கரை வரி கணக்கிடும் பேக்கேஜோடு நிறுத்திவிட்டோம். மற்ற இடமெல்லாம் ஸ்பாட்பக்ஸ் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள், எந்த மெத்தட்களுக்குக் குறி போடலாம் என்று செக்கரே பரிந்துரைக்கும் ஆப்ஷனை முதலில் ஓட்டிப் பாருங்கள். பாதி வேலை மிச்சம்.