கோவையில் ராமென்: எந்தக் கிண்ணம் கேட்கலாம்?

ராமென் என்பது ஜப்பானிய நூடுல்ஸ் சூப். புதிதாகத் திறந்த ராமென் கடையின் மெனுவில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் இருக்கும்: ஷியோ, ஷோயு, மீசோ, டொன்கொட்சு. முதல் மூன்றும் கிண்ணத்தின் அடியில் ஊற்றும் தாரே என்ற உப்புச் சாற்றின் வகைகள். ஒன்று வெறும் உப்பு, ஒன்று சோயா சாஸ், ஒன்று புளிக்கவைத்த சோயா விழுது. நான்காவது மட்டும் சூப்பின் பெயர், அதாவது பன்றி எலும்புச் சூப். ஆகவே ஷோயு என்று மட்டும் போட்டிருந்தால் பாதி விவரம்தான் தெரிகிறது. எந்த எலும்பு, சூப் தெளிவாக இருக்குமா வெள்ளையாக இருக்குமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். கோயமுத்தூரில் எங்கள் ஓட்டு கோழிக்கே.

டொன்கொட்சு ஜப்பானின் ஃபுகுவோகா பக்கம் குருமே ஊரில் பிறந்தது. எலும்பை ஊறவைத்து, ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, ரத்தக்கட்டு போகத் தேய்த்துக் கழுவி, அதன்பின் 12 மணி நேரமோ அதற்கு மேலோ தளதளவென்று கொதிக்கவிடுவார்கள். அந்தக் கொதியில்தான் மஜ்ஜைக் கொழுப்பு நுண்துளிகளாக உடைகிறது. எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின் அதைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் சூப் வெளுக்கிறது. கழுவியது போதாவிட்டால் சாம்பல் நிறமும் கவிச்சியும் வரும். தீ குறைந்தால் கொழுப்பு தனியாக மேலே மிதக்கும். இவ்வளவு கேஸும் நேரமும் செலவழிக்க மனமில்லாத கடை டப்பா விழுதைக் கரைத்து ஊற்றிவிடும். கண்டுபிடிப்பது எளிது. நல்ல ஆட்டுக்கால் சூப் குடித்ததும் உதடு ஒட்டுமே, அந்த ஒட்டல் இதிலும் இருக்க வேண்டும். உப்பு மட்டும் தூக்கலாக, நாக்கில் தண்ணீராக ஓடினால் அது விழுது.

இதே முறையில் கோழி எலும்பில் செய்வது தோரி பைதான். பல்லடம் பக்கத்துப் பிராய்லர் தினமும் வருகிற ஊரில் கோழி எலும்புக்கூடும் கோழிக்காலும் எந்தக் காலையிலும் கிடைக்கும். பிராய்லர் எலும்பு இளசு என்பதால் ஐந்தாறு மணி நேரத்தில் ஜெலட்டின் இறங்கிவிடும். காலில்தான் ஜெலட்டின் அதிகம். அது சேராவிட்டால் சூப்புக்குப் பிடிப்பு இருக்காது. பிராய்லரில் ருசி குறைவு. அதை ஈடுகட்ட நாமக்கல் பண்ணைகள் கழித்துவிடும் முற்றிய முட்டைக்கோழி ஒன்றிரண்டைச் சேர்த்து வேகவைக்கும் சமையல்காரர் விவரம் தெரிந்தவர்.

தெளிவான சூப்பில் ஷியோவா ஷோயுவா? ஷியோவில் எதையும் மறைக்க முடியாது. கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைக்கும் தண்ணீரே முக்கியம். போர் உப்புத் தண்ணீரில் அதன் சாரம் சரியாக இறங்காது. சிறுவாணித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்தும் கடையில்தான் ஷியோ தேறும். முதல்முறை போகிறவர்களுக்கு ஷோயு பத்திரமான தேர்வு. 300 மில்லி சூப்புக்குச் சுமார் 30 மில்லி தாரே என்பது நடைமுறை அளவு. கண்ணளவில் ஊற்றினால் கரித்துப் போகும்; அப்போது கூச்சப்படாமல், "அண்ணா, வெறும் சூப் ஒரு கரண்டி ஊத்துங்க" என்று கேட்டு வாங்குங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பை மிச்சம் வைத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்து உப்பே, ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

மீசோ ராமென் 1950களில் ஜப்பானின் சப்போரோ நகரில் வந்தது. காரசாரமாகத் தின்று பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனால் அந்த விழுதின் வீச்சு சப்பைச் சூப்பையும் மூடிவிடும் என்பதால், கடையை எடைபோட இதை நம்ப வேண்டாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே காய்கறி மட்டும் இருப்பதால் அது சைவமாகிவிடாது. தாரேயில் காய்ந்த சூரை மீன் சீவல் இருக்கலாம், சூப் கோழியாக இருக்கலாம், நூடுல்ஸில் முட்டை இருக்கலாம். "சூப்புல, தாரேல மீன் சேருதுங்களா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கொம்புவும் காய்ந்த ஷீடாக்கே காளானும் ஊறிய சூப்பில் மீசோ கரைத்துத் தந்தால், சைவத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதா, பார்சலா என்பதில் போட்டியே இல்லை. காரநீர் (ஆல்கலைன் தண்ணீர்) சேர்த்துப் பிசைந்த மாவு என்பதால் நூடுல்ஸுக்கு மஞ்சள் நிறமும் துள்ளலும் வருகின்றன. வெந்த நூடுல்ஸ் சூடான சூப்பில் ஏழெட்டு நிமிடம்தான் தாங்கும். டொன்கொட்சுவின் மெல்லிய நூடுல்ஸ் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். ஆர்.எஸ். புரத்தில் வாங்கிச் சரவணம்பட்டி கொண்டுபோவதற்குள் சூப்பையெல்லாம் உறிஞ்சி ஊதிவிடும். பார்சல்தான் என்றால் சூப்பில்லாத மாசெசோபா வாங்குங்கள். ராமெனே வேண்டுமென்றால் சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள், நூடுல்ஸை அரை வேக்காட்டில் எடுத்து, ஒட்டாமலிருக்கச் சிறிது எண்ணெய் புரட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் சூப்பை நன்றாகக் கொதிக்கவைத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, நூடுல்ஸைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி வடித்துச் சேருங்கள். மேலே வைக்கத் தரும் அரைவேக்காட்டு முட்டையை மட்டும் சுட வைக்காதீர்கள், மஞ்சள் கரு கெட்டிப்பட்டுவிடும்.