கொக்குவில் பக்கத்துக் கராஜ் ஒண்டும் என்ர 1965 மிட்ஜெற்றும்

முதலே சொல்லிப்போடுறன், என்ர பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் திருத்தின கராஜுக்கு இஞ்சின் வேலைக்கு ஐஞ்சுக்கு ஐஞ்சு, பொடி வேலைக்கு மூண்டு, சொன்ன திகதிக்குக் காரைத் தாறதுக்கு ஒண்டு குடுக்கவும் மனம் வரேல்ல. கராஜுக்குப் பேர்ப்பலகை எண்டு ஒண்டும் இல்ல, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில காங்கேசன்துறை வீதியால உள்ளுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில தகரக் கொட்டில், முன்னால எப்பவும் ரெண்டு மொறிஸ் மைனரும் ஒரு ஒஸ்ரின் ஏ போர்ட்டியும் நிக்கும், அதுதான் அடையாளம். நடத்துறவருக்கு அறுபதைத் தாண்டின வயசு, என்ர பேரை ஒரு இடத்திலயும் போடாதையும் தம்பி எண்டு சொல்லிப்போட்டார், அதால போடேல்ல, ஐயா எண்டே எழுதுறன்.

கார் எம்ஜி மிட்ஜெற் மார்க் 2. ரெண்டு பேர் மட்டும் இருக்கலாம், மேல சீலை ஹூட், 1098 சிசி இஞ்சின், ரெண்டு எஸ்யு காபரேற்றர், கொம்பனி சொன்ன பவர் 59 குதிரை. 59 எண்டா இப்ப ஆக்கள் சிரிப்பினம், ஆனா முழுக் காரின்ர பாரமே 700 கிலோ அளவுதான், நிலத்தோட ஒட்டி இருந்து ஓட்டுறது, 40 மைல் வேகமே 80 மாதிரித் தெரியும். பெரியப்பான்ர கார், பழைய சிறி எழுத்து நம்பர். 90களில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடின கார்களில இதுவும் ஒண்டு, சூப்பிப் போத்தலால நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திற கதை எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. 95 ஒக்ரோபர் இடப்பெயர்வோட கொட்டிலுக்க நிண்டது பிறகு அசையேல்ல, மேல தென்னோலை விழுந்து, சீற்றுக்க எலி குட்டி போட்டு, நிலத்தடிப் பக்கம் கறள் பிடிச்சு, ஆனா பாகம் ஒண்டும் களவு போகேல்ல, அதுவே பெரிய விசயம்.

இஞ்ச வாறதுக்கு முதல் வேற ஒரு இடத்தில காட்டினனாங்கள், பேர் வேண்டாம். அவையள் பொனற்றைத் திறக்கவே இல்ல, நிறக் காட்டைத்தான் முதல் நீட்டினவை, என்ன சிவப்பு வேணும் எண்டு கேட்டு அட்வான்சும் வாங்கிப்போட்டு, கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற சில் எண்ட தகட்டுப் பகுதியில (ரயர்ச் சில்லு இல்ல) இருந்த கறள் ஓட்டையை வெட்டி எடுக்காம பட்டி போட்டு மெழுகி விட்டவை. கூரை இருக்கிற காருக்கு எண்டாலும் பரவாயில்ல, மிட்ஜெற்றுக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) இல்ல, கூரையும் இல்ல, முழுப் பாரத்தையும் தாங்கிறது அந்த ரெண்டு சில்லும் நடுவால நீளத்துக்கு ஓடுற ரனல் எண்ட மேடும்தான். சில் போனா கார் நடுவால தொய்யும், கதவு பூட்டாது. அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரேல்ல, விடுவம்.

ஐயா செய்தது நேர் எதிர். நிறத்தைப் பற்றிக் கேட்டதுக்கு, "பெயின்ற் எங்கயும் ஓடாது தம்பி, முதல் கொம்பிரசனைப் பாப்பம், இஞ்சின் சரிவராட்டி நீர் அதுக்குப் பிறகு யோசிக்கலாம்" எண்டவர். என்ர மனசில இந்த இடத்துக்கு மார்க் விழுந்தது அதிலதான். பழைய ஸ்போர்ட்ஸ் காரில பெயின்ற், சீற், குரோம் எண்டு காசைக் கொட்டின பிறகு இஞ்சின் போச்சு எண்டு தெரியவந்தா ஆரும் பாதியில நிப்பாட்டேலாது, கடன்பட்டும் செய்யத்தான் வேணும். எவ்வளவு முடியும் எண்டு தெரிஞ்சு முடிவெடுக்கிறதுக்குச் சோதனை முதல் வரோணும், அவர் அப்பிடித்தான் செய்யிறார், சோதனைக்குக் காசும் வாங்கேல்ல.

இஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் நாலையும் கழட்டி உள்ளுக்கு ஒயில் விட்டு ஊற விட்டார், ஸ்ராட்டரில கை வைக்க விடவே இல்ல, பிறகு இஞ்சின் முன்பக்கத்துப் பெல்ற் சக்கரத்தில, புளி எண்டு சொல்லுறது, ஸ்பனரைப் போட்டு அங்கயும் இஞ்சயும் மெதுவா ஆட்டி ஆட்டித்தான் சுத்த வச்சது. புது பற்றறி போட்டு, சிலிண்டருக்க காத்து எவ்வளவு அமுங்குது எண்டு (அதுதான் கொம்பிரசன்) கேஜை வச்சுப் பாத்தா 1வது சிலிண்டருக்கு 105, 2க்கு 50, 3க்கு 55, 4க்கு 110 பிஎஸ்ஐ. நல்ல நிலைமையில இந்த இஞ்சினுக்கு 150க்கு மேல வரோணும், நாலுக்கும் இடையில பெரிய வித்தியாசமும் இருக்கக் கூடாது. அடுத்தது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தேக்கரண்டி அளவு ஒயில் விட்டுத் திரும்பப் பாத்தவர். 1உம் 4உம் நல்லா ஏறிச்சு, அப்ப அதில பிஸ்டன் ரிங் போச்சு. 2உம் 3உம் ஏறவே இல்ல. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேந்து விழுந்தா இஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில இருக்கிற கஸ்கட் நடுவால ஊதியிருக்கு எண்டு சொன்னவர், ஹெட்டைக் கழட்டினா அந்த இடத்தில கஸ்கட் கருகிப் பிளந்து கிடந்தது. இந்த இஞ்சினில 2க்கும் 3க்கும் புகை போற வழி ஒண்டுதான், அதால அந்த நடுப்பகுதிதான் கூடக் கொதிக்கும், ஊதுறதும் பெரும்பாலும் அங்கதான்.

ஹெட்டுக்க இருந்த கரி தனிக் கதை. மண்ணெண்ணெய் முழுசா எரியாது, மிச்சம் சிலிண்டர்ச் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ ஒயில் தேங்கிற சம்புக்குள்ள இறங்கும், ஒயில் தண்ணியாப் போகும், ரிங்கும் பெயாரிங்கும் தேயும். சம்பைக் கழட்டேக்க வந்த கறுப்புக் களியைப் பாத்து ஐயா சிரிச்சார், அந்தக் காலத்தில எல்லாக் காரும் இந்தக் களியோடதான் ஓடினது எண்டு.

அதைவிட என்னை யோசிக்க வச்சது தண்ணிப் பக்கம். புளொக்கின்ர பக்கத்தில இருக்கிற கோர் பிளக் எண்ட தகட்டு மூடியைத் தட்டி எடுத்தார், உள்ளுக்கு வெள்ளைக் கல்லு. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்க படியிற அதே படிவுதான் இஞ்சினுக்கையும் படியும், தண்ணி ஓடுற இடம் சுருங்கி பின் சிலிண்டர் கொதிக்கும். கம்பியால குத்திக் குத்தி, அசிற் விட்டுக் கழுவி எடுத்தவை, கீழ விழுந்த பொருக்கு ஒரு சிரட்டை வரும். இனிக் கிணத்துத் தண்ணி விட்டா காரைக் கொண்டு வராதையும் எண்டு பகிடியாச் சொன்னார், பகிடி இல்ல எண்டு முகத்தில தெரிஞ்சது. இப்ப கூலன்ற்தான்.

ஏ சீரிஸ் எண்ட இந்த இஞ்சின் குடும்பம் 1951ல ஒஸ்ரின் ஏ30ல 803 சிசியா வந்து, 2000ம் ஆண்டு பழைய மினி நிக்கும் மட்டும் செய்யப்பட்டது. மொறிஸ் மைனருக்குள்ள இருக்கிறதும் இதுதான், அதால யாழ்ப்பாணத்தில பழைய மெக்கானிக்மாருக்கு இது கைப்பழக்கம். ஆனா அதிலயும் ஒரு ஆபத்து இருக்கு. மைனர் 1000க்கும் 1098 சிசி வந்தது, ஆனா மிட்ஜெற் மார்க் 2க்கு கிராங் தண்டு பெயாரிங்கில சுத்துற பாகம், மெயின் ஜேர்னல் எண்டு சொல்லுறது, 2 அங்குலம், மைனருக்கு ஒண்டே முக்கால். அதுக்குப் போடுற பெயாரிங் ஷெல்லைக் கண்ணால பாத்து வாங்கினா மாட்டாது. ஐயா மைக்குரோமீற்றரை எடுத்து மூண்டு மெயினையும் அளந்து ஒரு கொப்பியில எழுதித் தந்துதான் சாமான் எடுக்க விட்டவர். ஷெல், 20 தௌ (ஒரு தௌ எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு) ஓவசைஸ் பிஸ்டன் செற், கஸ்கட் எல்லாம் லண்டனில இருக்கிற மச்சான் வரேக்க பையில வந்தது. பிளக் வயர், பொயின்ற், கொண்டென்சர், பான் பெல்ற் மாதிரிச் சில்லறை ஸ்ரான்லி வீதியிலயே கிடைச்சது, மிச்சம் கொழும்பு பஞ்சிகாவத்தையில.

சிலிண்டரைக் குடைஞ்சு பெருப்பிச்சது, ஹெட்டை மட்டம் பண்ணினது எல்லாம் வெளியில லேத்தில. எக்ஸோஸ்ற் வால்வுக்குக் கடினமான சீற் போடச் சொன்னவர், இப்பத்தப் பெற்றோலில ஈயம் இல்ல, முந்தி அந்த ஈயந்தான் சீற்றைத் தேயாமக் காப்பாத்தினது. அது கூடுதல் செலவுதான், ஆனா ஹெட் கழண்டு கிடக்கேக்க செய்யிறதுதான் மலிவு.

பூட்டின நாள் நான் பக்கத்தில நிண்டனான். ஹெட் நட்டு ஒன்பதும் நடுவில இருந்து வெளிப்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா 40 இறாத்தல் அடி வரைக்கும் இறுக்கினவர். வால்வ் இடைவெளி 12 தௌ வைக்கேக்க ஒரு கணக்குச் சொல்லித் தந்தார், கூட்டினா 9 வரோணும், அதாவது 8வது வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க 1வதைச் சரிபண்ணோணும், 6 திறந்து நிக்கேக்க 3. பொடியன் ஒருத்தன் புளியைச் சுத்த, இவர் பீலர் கேஜோட "நில், நில், இன்னும் கொஞ்சம்" எண்டு கொண்டிருந்தார். முடிய பிளக் போடாமலே ஸ்ராட்டரால சுத்தி ஒயில் பிறசர் முள்ளு எழும்பினாப் பிறகுதான் பிளக்கைப் பூட்டினது. புது இஞ்சினை ஒயில் ஏறாம வெடிக்க விட்டா ஷெல் முதல் நிமிசத்திலயே கீறும்.

முதல் ஓட்டம் காருக்க இல்ல. கோண் இரும்பில வெல்ட் பண்ணின சட்டம் ஒண்டு வச்சிருக்கிறார், அதில இஞ்சினைப் பூட்டி, றேடியேற்றர், பற்றறி, பெற்றோல் கான் எல்லாம் பக்கத்தில. இது பொசிற்றிவ் ஏர்த் கார், பற்றறியின்ர பிளஸ் பக்கம்தான் பொடிக்கு, அதை மறக்காமலிருக்க ரேப்பில எழுதி ஒட்டியிருந்தது. ரெண்டாம் சுத்திலயே பத்திச்சு. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பிறகு நிண்டிட்டுது. சூடானாப் பிறகு ஓடேக்க ஒயில் பிறசர் 60, சும்மா நிண்டு ஓடுற ஐடிலில 25. கொம்பிரசன் நாலும் 160க்கும் 165க்கும் இடையில. நான் கேக்காமலே ஒரு கடுதாசியில எழுதிக் கையில தந்தவர்.

காபரேற்றர் ரியூனிங்கைப் பாக்கிறதுக்கெண்டே போகலாம். மிசின் ஒண்டும் இல்ல, ஒரு முழ ரப்பர் ஹோஸ் துண்டு, ஒரு முனை காதில, மற்ற முனை காபரேற்றர் வாயில. ரெண்டிலயும் இழுக்கிற இரைச்சல் ஒரே அளவு வரும் மட்டும் திருகாணியைத் திருப்பினார். பிறகு காபரேற்றருக்குள்ள இருக்கிற பிஸ்டனைத் தூக்கிற சின்ன ஊசியை ஒரு மயிரளவு தூக்கிப் பாக்கிறது, இஞ்சின் வேகம் கூடி அப்பிடியே நிண்டா பெற்றோல் கூட, படுத்தா குறைவு, சாடையாக் கூடித் திரும்ப விழுந்தா சரி. எனக்கும் ஹோஸைத் தந்தவர், முதல் ஒண்டும் விளங்கேல்ல, கொஞ்சம் கேக்கக் கேக்க வித்தியாசம் பிடிபட்டது. புகைச் சோதனையும் இந்தக் காதுக் கணக்கிலயே பாஸ்.

இனிக் குறை. பொடி வேலை அவற்ற கை இல்ல, வெளியில தகட்டு வேலை செய்யிற ரிங்கர் ஒருத்தரிட்டக் குடுக்கிறார். சில் வெட்டிப் புதுத் தகடு வச்சு வெல்ட் பண்ணினது பலம், கதவைப் பூட்டி வச்சு இடைவெளியைப் பாத்துப் பாத்துத்தான் செய்தவை, இப்ப ஜக்கில தூக்கினாலும் கதவு திறந்து பூட்டும். ஆனா பினிஷ் போதாது, இடது பக்க மட்காட் வளைவில வெயில் படேக்க அலை தெரியுது, பெயின்றில தூசியும் இருக்கு. கடல் காத்து ஊரில சில்லுக்குள்ள மெழுகு அடியுங்கோ எண்டு நான் ரெண்டாந்தரம் கேட்டாப் பிறகுதான் அடிச்சது.

திகதி எண்டது அங்க ஒரு பேச்சுக்குத்தான். வாற கிழமை எண்டா அடுத்த மாசம் எண்டு எடுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கராஜ் அரைநாள்தான், நடுவில ஆரும் வாடகைக்கு ஓடுற ஹயர்க்காரர் மைனரைக் கொண்டு வந்தா உங்கட கார் ஒதுங்கும், அவைக்கு அது பிழைப்பு எண்டு நியாயமும் சொல்லுவார். போன் எடுக்கமாட்டார், நேர போனாத்தான். இருக்கக் கதிரையும் இல்ல, பழைய ரயர்தான்.

காசு விசயத்தில மட்டும் ஒரு கதையும் இல்ல. இஞ்சின் கூலி ஒரு லட்சத்துச் சொச்சம், லேத்துக்குக் குடுத்தது அந்த லேத்தின்ர பில்லோட அப்பிடியே. கழட்டின பழைய பிஸ்டன், ஷெல் எல்லாம் பெட்டியில போட்டுத் திருப்பித் தந்தவர், மாத்தினதுக்குச் சாட்சி.

முதல் 500 மைலுக்கு 45க்கு மேல போகாதையும் எண்டு கட்டளை. அது முடிய ஹெட்டைத் திரும்ப இறுக்கி, ஒயில் மாத்தி, பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் போனனாங்கள், அவர் பக்கத்துச் சீற்றில. ரெண்டு பக்கமும் கடல், மட்டமான றோட், மூண்டாவது கியரில நல்லா இழுக்க விட்டு, நடுவில கிளச்சை அமத்தி சுவிச்சை நிப்பாட்டச் சொல்லி, றோட்டோரத்திலயே பிளக்கைக் கழட்டிப் பாத்தார். நாலும் மண்ணிறம். கறுப்பா இருந்தா பெற்றோல் கூட, வெள்ளையா இருந்தா குறைவு, இது கணக்கு. திரும்பி வரேக்க எதிர்க்காத்திலயும் சூடு முள்ளு நடுவை விட்டு அசையேல்ல.

மைனர், ஸ்பிறைற், மிட்ஜெற், ஏ போர்ட்டி வச்சிருக்கிற ஆக்கள் இஞ்சினுக்கு யோசிக்காமப் போகலாம், பெயின்றுக்கு வேற இடம் பாருங்கோ. அவசரக்காரர் போகவேண்டாம். போறதெண்டா பின்னேரம் நாலுக்குப் பிறகு போங்கோ, அப்பத்தான் கை கழுவிப்போட்டுத் தேத்தண்ணியோட நிண்டு கதைப்பார். வீட்டில பிளக்கைக் கழட்டித் துடைச்சு மினுக்கிக்கொண்டு மட்டும் போகாதையுங்கோ, அவருக்கு ஊத்தையோட பாக்கோணும்.